மனைக்கு விழுந்த மதில்

மதுரைக் கோட்டை மதில் காலமாகி நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போனாலே வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம். இத்தனை காலம் கழித்து இரங்கல் எழுத உட்காருவது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது போனபோது யாரும் அழுததாகத் தெரியவில்லை. இடித்தவர்கள் அதன் நிழலிலேயே குடியிருந்த ஊர்க்காரர்கள். இடிக்கச் சொன்ன கலெக்டருக்கு ஊர் நன்றியோடு ஒரு விளக்குத்தூண் நட்டது. மதிலுக்குத்தான் ஒரு கல்லும் நடவில்லை.

இரங்கல் என்றால் முதலில் பிறந்த தேதி போட வேண்டும். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. இந்த மதில் ஒருமுறை பிறந்து ஒருமுறை செத்தது அல்ல. சங்கப் பாடல்களில் வருவது ஒன்று. பிற்காலப் பாண்டியரின் கோட்டை ஒன்று. நாயக்கர் அதைத் தகர்த்துவிட்டு எழுப்பியது இன்னொன்று. 1840-வாக்கில் மண்ணோடு மண்ணானது இந்தக் கடைசிப் பிறவி. ஆராய்ச்சிக்காரர்கள் மூன்றையும் தனித்தனியாக வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். ஊர் வாயில் மட்டும் எல்லாம் ஒரே கோட்டைதான். இரங்கல் எழுதுகிறவன் ஊர்ப் பக்கம் சாய்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பத்துப்பாட்டிலேயே நீளமானது மதுரைக்காஞ்சி, 782 அடி. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடியது. எதுவும் நிலையில்லை என்று அரசனுக்கு உணர்த்த வந்த புலவர், நடுவில் மதுரையை ஒரு பகலும் ஓர் இரவுமாகச் சுற்றிக் காட்டிவிடுகிறார். ஆழமான அகழி வருகிறது, உயர்ந்த மதில் வருகிறது, நெய் பூசிப் பூசிக் கருத்துப்போன வாயிற்கதவு வருகிறது. ஆனால் அவர் கண் நிலைப்பது வாயிலில் போய்வரும் கூட்டத்தின்மீது. வையை எப்படி ஓயாமல் ஓடுமோ அப்படி ஓயாத வாயில் என்கிறார். பிறகு நாளங்காடி, அல்லங்காடி, கள்வரைத் தேடி இரவெல்லாம் திரியும் காவலர் என்று ஊருக்குள் புகுந்துவிடுகிறார். நிலையாமை பாட வந்தவருக்கு மதிலைவிட அதன் ஓட்டைதான் முக்கியமாகப் பட்டிருக்கிறது. நகரம் என்றால் என்ன என்று தெரிந்த ஆள்.

இளங்கோவடிகள் வேறு மாதிரி. அவர் மதிலை வெளியே நின்று பார்க்கிறார். புகாரிலிருந்து நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் முதலில் தங்குவது மதிலுக்கு வெளியே, புறஞ்சேரியில். அவர்கள் நெருங்கும்போது மதில்மேல் அசையும் கொடிகள் 'இங்கே வராதே' என்று கைகாட்டி மறிப்பதுபோல் இருந்ததாம். மறுநாள் கோவலன் மட்டும் ஊர் பார்க்கப் போகிறான். வாயிலில் வாளோடு நிற்பவர்கள் யவனர்கள். பிற்பாடு ஆயர்குல மூதாட்டி மாதரி, அடைக்கலமாகத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கண்ணகியை அழைத்துக்கொண்டு அதே கோட்டை வாயிலைக் கடக்கிறாள். அந்த இடத்தில் இளங்கோ மதிலில் பொருத்தியிருந்த எந்திரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்: தானாக வளைந்து அம்பு எய்யும் வில், குரங்கு வடிவப் பொறி, கல் வீசும் கவண், கொதிக்கும் எண்ணெய், உருக்கிய உலோகம். மோர் விற்கும் ஒரு பெண்ணும், கணவனோடு பிழைக்க வந்த ஒரு பெண்ணும் நடந்துபோகும் வழியில் இத்தனை ஆயுதப் பட்டியல் எதற்கு என்று பள்ளிக்கூட நாளில் எரிச்சலாக இருந்தது. எதற்கு என்று பின்னால் தெரிந்துவிடுகிறது. அத்தனை எந்திரமும் வெளியே பார்த்துக்கொண்டு நிற்க, நெருப்பு ஊருக்குள்ளேயே கிளம்புகிறது.

மதுரை மதிலின் வாழ்க்கை வரலாறு முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. வெளியிலிருந்து வந்தவன் முட்டி மோதி நின்றுவிடுவான். உள்ளேயிருந்து ஒருவன் காரியத்தை முடிப்பான்.

திருவிளையாடற் புராணத்தில் வேறொரு பிறப்புக் கதை உண்டு. ஊர் வெள்ளத்தில் அழிந்தபின் பழைய எல்லை எது என்று தெரியாமல் பாண்டியன் விழிக்க, சிவபெருமான் தன் கையில் கங்கணமாக இருந்த பாம்பை அனுப்பி எல்லை காட்டச் சொல்கிறார். பாம்பு ஊரைச் சுற்றி வளைந்து வாலை வாயில் கவ்விக்கொள்ள, அந்த வளையமே நகரெல்லை. மதுரைக்குரிய ஆலவாய் என்ற பெயருக்குப் புராணம் சொல்லும் காரணம் அது. அந்தக் கணக்கில் தெற்கே திருப்பரங்குன்றமும் வடக்கே அழகர் மலைப் பக்கமும்கூட எல்லையாகின்றன. மாநகராட்சி கூட இன்னும் அவ்வளவு ஆசைப்படவில்லை.

இனி நாம் துக்கம் கேட்க வந்திருக்கும் மதிலுக்கு வருவோம். 1311-இல் மாலிக் காபூர் வந்து கொள்ளையடித்துப் போனார். பாண்டிய வீட்டுக்குள் அண்ணன் தம்பி சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டு மதுரை சுல்தான்கள், அவர்களை முடித்த குமார கம்பணன், விஜயநகரம் என்று ஆட்சி கைமாறியது. 1529-இல் விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்தார். அவரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் சேர்ந்து பாண்டியரின் பழைய, சிறிய கோட்டையை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய சதுரமாக இரட்டை மதில் எழுப்பினார்கள். சுற்றி அகழி. 72 கொத்தளங்கள்.

இந்த 72 என்ற எண்ணில்தான் மதிலின் மூளை இருக்கிறது. நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாளையக்காரரிடமும் ஒரு கொத்தளத்தைக் காவலுக்கு ஒப்படைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 72 என்பது எண்ணிப் பார்த்த கணக்கா, மங்கலக் கணக்கா என்று சந்தேகப்படலாம். பாளையங்களின் எண்ணிக்கை ஏறியும் இறங்கியும்தான் இருந்திருக்கிறது. ஏற்பாட்டின் சூட்சுமம் எண்ணைப் பொறுத்தது அல்ல. மலையடிவாரத்தில் ஒரு காட்டுப் பகுதியை ஆள்கிறவனுக்கு மதுரைத் தலைநகரின் மதிலில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்துக்கு அவன் ஆள் அனுப்ப வேண்டும், படை கேட்டால் படை தர வேண்டும், கப்பம் கட்ட வேண்டும். மதிலைச் சுற்றி ஒரு நடை நடந்தால் திண்டுக்கல்லிலிருந்து திருநெல்வேலி வரை யார் யார் நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று தெரிந்துவிடும். காகிதத்தில் எழுதாமல் மண்ணிலும் கல்லிலும் எழுதிய அரசாங்கப் பேரேடு.

உள்ளே நகரம் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காகப் படர்ந்திருந்தது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. அந்தந்த மாதத் திருவிழாவில் சாமி புறப்பாடு வரும் வீதிக்கு அந்த மாதத்தின் பெயர். மாசி வீதிக்கு அப்பால் கொஞ்சம் இடம், பிறகு மதில், அகழி, அவ்வளவுதான் ஊர். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இதைச் சேர்த்து, நாட்டுப்புறத்துச் சனங்களையும் கோட்டைக்குள் இருந்த சனங்களையும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் நிற்க வைத்தார். அதனால்தான் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதியில் ஓடுகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடும். அழகரோ தல்லாகுளம், வைகை, வண்டியூர் என்று வடகரையோடு வந்து, தங்கையின் கல்யாணம் முடிந்துவிட்டதென்ற கோபத்தோடு திரும்பிவிடுகிறார். கோட்டை இருந்த ஊருக்குள் அவர் வருவதில்லை. மதில் போய்விட்டது அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தெருவுக்குத் தெரு தொழிலும் சாதியும் குடியேறியிருந்தன. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் பட்டுநூல் நெசவுக்காரச் சௌராஷ்டிரர்கள். இன்றும் மகால் பகுதியில் நடந்தால் அந்த மொழி காதில் விழும். கோயிலிலிருந்து எவ்வளவு தூரத்தில் உன் வீடு என்பதே நீ யார் என்பதற்கு விடை. அந்தத் தூரம் மதிலோடு முடிந்துவிடும். அதற்கும் வெளியே இருந்தவர்களுக்கு விடையே வேண்டியதில்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது.

இந்த மதில் தன் வீரத்தைக் காட்டிய நேரம் ஒன்று உண்டென்றால் அது 1764. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக இருந்து, மதுரைக்கே ஆளுநராகி, பிறகு கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றவர் கான் சாகிப், பனையூரில் பிறந்த மருதநாயகம். கோட்டையின் எந்த மூலையில் எது பலவீனம் என்று தெரிந்த படைக்காரர். அதைச் சரிசெய்துகொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். 1763-இல் கம்பெனிப் படையும் நவாப் படையும் வந்து முற்றுகையிட்டன. மழைக்காலம் தொடங்கியதும் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பின. அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பல் தலைமையில் மறுபடி வந்தன. மதிலில் உடைப்பு ஏற்படுத்தி, 1764 ஜூன் 26 அன்று ஏறி அடித்துப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து கான் சாகிப்பின் ஆட்கள் அவர்களைத் துரத்திவிட்டார்கள். இழப்பு கம்பெனிக்குத்தான் அதிகம். அதன்பிறகு ஏறும் எண்ணத்தை விட்டுவிட்டு, உணவு உள்ளே போகாமல் அடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மாதங்கள் போயின. உள்ளே தானியம் தீர்ந்தது. அக்டோபர் 13 அன்று, கான் சாகிப் தொழுகையில் இருந்த நேரத்தில், அவருடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுப் படைத்தலைவன் மார்ச்சந்தும் இன்னும் சிலரும் அவரைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள். 15-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான பள்ளிவாசல் இருக்கிறது. மதில் அந்த முற்றுகையில் தோற்கவில்லை. அதைக் காத்தவனைக் காட்டிக்கொடுத்தது அது காத்துக்கொண்டிருந்த ஆட்கள்.

1801-இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமை முழுவதும் கம்பெனி கைக்கு வந்தது. அதே ஆண்டில் பாளையக்காரர்களின் கடைசிப் போரும் முடிந்தது. அதற்குமேல் மதுரையை முற்றுகையிட யாரும் மிச்சமில்லை. கொத்தளத்துக்குக் காவல் அனுப்ப வேண்டிய பாளையக்காரர்களில் பலர் தூக்கிலும் நாடுகடத்தலிலும் போய்விட்டார்கள், மீந்தவர்கள் ஜமீன்தார்களாகிக் கம்பெனிக்கு வரி கட்டினார்கள். மதிலுக்கு இனி வேலை கிடையாது. வேலை போன பெரிய உத்தியோகஸ்தர் வீட்டில் இருப்பது குடும்பத்துக்குப் பாரம் என்பார்கள். மதிலும் அப்படிப் பாரமானது.

பழி முதலில் அகழியின்மேல் விழுந்தது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கொள்ளைக் காய்ச்சல் பரவி ஏராளமான பேர் செத்தார்கள். காரணம் கண்டறியக் கம்பெனி மருத்துவர்களை அனுப்பியது. தேங்கிய தண்ணீரிலிருந்தும் அழுகிய செடிகொடியிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது அக்கால மருத்துவத்தின் தீர்மானம். மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்ததே 1897-இல்தான். தண்ணீர் போக வழியில்லாத பழைய அகழியை ஊர்க்கேடு என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. காரணம் பிசகு, கண்டது சரி.

ஊரும் நெரிந்துகொண்டிருந்தது. மாசி வீதிக்கும் மதிலுக்கும் இடையே குடிசையும் சந்துமாக அடைந்துகிடந்தது. 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன், மதிலை எடுத்துவிட்டால் காற்றும் வரும், இடமும் வரும் என்று கணக்குப் போட்டார். செலவு? அங்கேதான் அவர் சாமர்த்தியம். கம்பெனி தன் கஜானாவிலிருந்து கூலி கொடுத்து அந்த மலையை இடித்திருக்க வேண்டுமானால் கோப்பு சென்னைக்கும் லண்டனுக்கும் அலைந்து செத்திருக்கும். பிளாக்பர்ன் ஊர்க்காரர்களிடம் சொன்னது எளிய ஏற்பாடு: மதிலின் இந்தப் பகுதியை இடித்து, அந்த மண்ணைக் கொண்டு எதிரே உள்ள அகழியைத் தூர்த்துவிட்டால், அந்த இடம் உனக்கே மனை.

அவ்வளவுதான். சார்லஸ் கேம்பலின் பீரங்கிகளுக்கு மசியாத மதில் இந்த ஒரு வாக்கியத்துக்கு விழுந்தது. 1830-களின் இறுதியில் தொடங்கிய வேலை ஒரு சில ஆண்டுகளில் முடிந்துவிட்டது. கடப்பாரையும் மண்வெட்டியும் கூடையும் எடுத்துவந்தவர்கள் சிப்பாய்கள் அல்ல, ஊருக்குள் இருந்த குடும்பங்கள். ஒரு வீட்டுக்காரர் தன் பங்குக்குக் குறித்த இடத்தில் மேலேயிருந்து சரித்து, பெண்களும் பிள்ளைகளும் கூடையில் அள்ளி, இருபதடி தள்ளி இருந்த பள்ளத்தில் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மதிலே தன் அகழியைத் தூர்த்துக்கொண்டு அதன்மேல் படுத்துவிட்டது. கல்லையும் செங்கல்லையும் கொட்டி வீணாக்கும் அளவுக்கு மதுரைக்காரன் ஏமாளி இல்லை. வெளி வீதியை ஒட்டிய பழைய வீடுகளின் அஸ்திவாரத்தைத் தோண்டினால் விசுவநாத நாயக்கருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

அளந்து கொடுத்த சர்வேயர் மாரட், வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவர் பெயரும் புதிதாய்ப் பிறந்த தெருக்களுக்குப் போய்விட்டன. மாசி வீதிக்கு வெளியே பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும், அகழி இருந்த வளையத்தில் வெளி வீதிகளும் வந்தன. கோயிலிலிருந்து வெளியே நடந்தால் வரிசையாக ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்று மாதங்கள் வந்து, சட்டென்று ஒரு வெள்ளைக்காரரும் ஒரு மேஸ்திரியும் வருகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு நகர வரலாறு கால் மணி நடைக்குள் முடிந்துவிடுகிறது: சாமி சுற்றுவதற்காகப் போட்ட தெரு எதுவரை, சர்க்கார் அளந்து போட்ட தெரு எங்கிருந்து என்று பெயரே சொல்லிவிடும். ஒரு மேஸ்திரியின் பெயர் கலெக்டர் பெயரைவிட அதிகமாக ஊர் வாயில் புழங்குவதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு. பிளாக்பர்னுக்குக் கிடைத்த விளக்குத்தூணை, கீழமாசியும் தெற்குமாசியும் சேரும் இடத்தில், எல்லோரும் விளக்குத்தூண் என்றுதான் சொல்கிறார்கள். யார் விளக்கு என்று கேட்பாரில்லை.

இதே காலத்தில் மற்ற ஊர்களின் மதில்களும் நோயில் படுத்திருந்தன. சென்னையின் கறுப்பர் நகரத்துக்கு மதில் வந்ததே தாமதமாகத்தான். 1758–59-இல் பிரெஞ்சுக்காரர் முற்றுகையும் பிறகு ஹைதர் அலியின் குதிரைப் படையும் தந்த பயத்தில் கட்டியது அது. கட்டிய செலவுக்கு ஊர்க்காரர்கள் வரி தர வேண்டும் என்று கம்பெனி நினைத்ததன் நினைவாக வால்டாக்ஸ் ரோடு நிற்கிறது. அங்கே ஊர் ஒரு கோயிலை நடுவில் வைத்து அமைந்ததல்ல, கோட்டையும் கிடங்கும் வெள்ளையர் வீடுகளும் தனியாக இருந்தன. மதில் சுதேசிகளின் ஊரைச் சுற்றியது. திருச்சிக் கோட்டைக்கு இன்று மெயின்கார்டு கேட் மிச்சம். ஐரோப்பாவில் வியன்னா தன் மதிலை இடிக்கப் பேரரசர் ஆணையிட்டது 1857-இல். மதுரை அதில் வியன்னாவுக்கு மூத்தது. ஆனால் வியன்னாவுக்கு அந்த இடத்தில் ஓபராவும் பெரிய சாலையும் வந்தன. நமக்கு மனை வந்தது.

மதில் போனதும் நகரத்தின் முகம் திரும்பியது. அதுவரை ஊர் கோயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1834-இலேயே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பள்ளியும் மருத்துவமனையும் பழைய வாசல்களுக்கு வெளியே எழுந்தன. 1866-இல் நகராட்சி. 1875-இல் ரயில், நிலையம் மேல வெளி வீதிக்கு எதிரே. அகழி இருந்திருந்தால் பயணிகள் பரிசலில்தான் இறங்க வேண்டியிருக்கும். 1889-இல் வைகைமீது ஆல்பர்ட் விக்டர் பாலம். ரயில்பாதையை ஒட்டி ஹார்வி ஆலை. அதிகாரிகள் வடகரையில், தமுக்கம் பக்கம், காற்றோட்டமாகக் குடியிருந்தார்கள். 1901 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊருக்கு வருகிறவன் முதலில் பார்ப்பது கோபுரத்தை என்பது போய், ஸ்டேஷனை என்று ஆனது. கிழக்கே பார்த்த நகரம் மேற்கே பார்க்கத் தொடங்கியது.

மறைந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பது வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் வழக்கத்தை மீறுகிறேன். மதில் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது நகரத்தை அரணாகக் காத்த காலம் மிகக் குறைவு. மீதிக் காலமெல்லாம் யார் உள்ளே, யார் வெளியே என்று பிரித்துக்கொண்டே இருந்தது. அது போனால் அந்தப் பிரிவும் போகும் என்று யாராவது அன்றைக்கு எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார். வெளி மதில் விழுந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8 அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது. உள்ளே இருந்த மதில்களை இடித்தால் மனை கிடைக்கும் என்று யாரும் அறிவிக்கவில்லையே.

என் வருத்தம் வேறு. இடித்ததில் இல்லை, இடித்த விதத்தில். ஒரு நகரத்தின் மிகப் பெரிய கட்டடத்தைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டுபோகும்போது, நான்கு திசைக்கு ஒரு வாசலையாவது முழுதாக நிறுத்தி வைத்திருக்கலாம். கொத்தளங்களில் எது எந்தப் பாளையத்துடையது என்று விசாரித்து எழுதி வைத்திருக்கலாம், அன்றைக்கு அது தெரிந்த கிழவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். பிளாக்பர்ன் அதிகாரி, அவருக்கு அது தோன்றவில்லை. ஊருக்கும் தோன்றவில்லை என்பதுதான் உறுத்துகிறது. மனை என்று வந்தால் நமக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் என்ன ஆயின என்று கேளுங்கள், பிளாக்பர்னைக் குற்றம் சொல்ல வாய் வராது.

அன்னாருக்கு இன்று இருக்கும் வாரிசுகள்: பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே நாயக்கர் கோட்டைக் கொத்தளத்தின் எச்சம் ஒன்று. புது மண்டபத்துக்குக் கிழக்கே, பழைய பாண்டியர் கோட்டையின் வாயில் என்று கருதப்படும் விட்டவாசல். இடிக்காமல் விட்டதால் அந்தப் பெயர் என்பது ஊர் வழக்கு. கான் சாகிப்பின் நினைவைச் சுமக்கும் கான்சாமேட்டுத் தெரு. கீழவாசல், தெற்குவாசல் என்னும் பேருந்து நிறுத்தங்கள். 'வாசல்லாம் எறங்கு' என்று நடத்துநர் சத்தம் போட்டால், ஒரு கதவும் இல்லாத இடத்தில் கூட்டம் கூட்டமாக இறங்கிப் போகிறார்கள்.

மதுரைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயிலுக்குப் போகும் முன் கொத்தளத்தை எட்டிப் பாருங்கள். அங்கிருந்து மேல வெளி வீதி, வடக்கு வெளி வீதி, கீழ வெளி வீதி, தெற்கு வெளி வீதி என்று ஒரு சுற்று நடந்தால், விசுவநாத நாயக்கரின் கோட்டையை முழுதாக வலம் வந்த கணக்கு. டிக்கெட் கிடையாது, நடை சாத்துவதும் கிடையாது. நடைபாதை மட்டும் பல இடங்களில் இருக்காது, ஆட்டோ பார்த்து நடங்கள்.